கலியன் மேஸ்திரியின் சரணம்

“பல்லவி வந்துடுச்சு, அனுபல்லவி வந்துடுச்சு. சரணம்தாண்ணே வேணும்.”

“அதுதான் வரலைங்கறேன். மடியில வச்சிக்கினா இல்லைங்கறேன்?”

செந்தமிழ் கைபேசியில் பதிவை நிறுத்தினாள். காலையிலிருந்து இது பதினோராவது தடவை. முருகையன் அவள் போட்ட காப்பியை மூன்றுமுறை குடித்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் பரீட்சைக்கு வந்தவரைப்போல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

அவளுடைய அப்பா கலியன் மரக்காணம் உப்பளத்தில் இருபத்தாறு வருடம் மேஸ்திரியாக இருந்தவர். பிரம்மதேசம் கோயில் நாகஸ்வரத்தைக் கேட்டுக் கேட்டே ராகம் பிடித்தவர். நாற்பது கீர்த்தனைகள் செய்தார், ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. வீட்டில் வாய் திறக்கமாட்டார். பாடியதெல்லாம் அளத்து வரப்பில், உப்பு வாருகிறவர்களுக்கு நடுவில். அவற்றில் மூன்று எப்படியோ சென்னை மேடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. பாடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, “இயற்றியவர் தெரியவில்லை” என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் செந்தமிழுக்கு ரேடியோவைத் தூக்கி எறியலாம்போல் இருக்கும்.

ஒரே ஒரு பாட்டில்தான் மனிதர் தன் பெயரைப் போட்டிருந்தார். சாவேரி ராகத்தில், ‘கட்டிவைத்தேன் கடல்நீரை, கண்ணீரை என்செய்வேன்’. பெயர் வருவது சரணத்தில். தொகுப்பு நூல் போடும் சென்னைப் பெண் பூஜா தெளிவாகச் சொல்லிவிட்டாள்: சரணம் கையில் இருந்தால் அதையே சான்றாக வைத்து, மேடைக்குப் போன மூன்றும் இதுவுமாக நான்கு பாட்டும் அவர் பெயரோடு வரும், இல்லாவிட்டால் இல்லை. இன்று ஆறு மணிக்கு நூல் அச்சுக்குப் போகிறது. அந்தச் சரணம் தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பது, அப்பாவின்கீழ் உப்பு வாரிய முருகையன் மட்டும்தான்.

“இன்னொருக்கா பாடுங்கண்ணே.”

அவர் பாடினார். அனுபல்லவி முடியும் இடத்தில் வழக்கம்போல் நின்றார். அப்போதுதான் அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள். இரண்டும் இல்லாத கம்பு ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன.

“கை என்ன பண்ணுதுண்ணே?”

முருகையன் கையைப் பார்த்துத் தானே திகைத்தார். “வாருதும்மா. உப்ப இழுத்துக்கினு வரப்புக்கு வந்து சேந்தாதான் மேஸ்திரி சரணம் எடுப்பாரு. நாங்களும் கூட எடுப்போம்.”

“இத காலையிலயே சொல்லக்கூடாதா?”

“நீ கேக்கலியே.”

ஸ்கூட்டியின் பின்னால் அவரை ஏற்றிக்கொண்டு அளத்துக்குப் போனாள். ஐப்பசி. பாத்திகள் எல்லாம் முழங்கால் மழைத்தண்ணீரில் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தன. முருகையன் கொட்டகையிலிருந்து நீளக் கம்பு செருகிய வாரும் பலகையை எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். பாடிக்கொண்டே இழுத்தார். வரப்பு வந்தது. சரணம் வரவில்லை.

“தண்ணில வழுக்கிக்கினு போவுதும்மா. கனமே இல்ல. உப்பு இழுத்தா வரப்பாண்ட வரும்போது மூச்சு வாங்கும். அந்த மூச்சுலதான் அவரு எடுப்பு.”

செந்தமிழ் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்குகிற இடத்தில் எடுப்பு வைத்தவர், ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரி எழுதி வைத்திருக்கக் கூடாதா? மணி நாலே முக்கால். பூஜாவிடமிருந்து ஒரு கேள்விக்குறி மட்டும் வந்திருந்தது.

மேட்டில், அளத்து முதலாளி புருஷோத்தமன் கடைசி உப்புக் குவியலின்மேல் மழைக்கு முன்னால் ஆள் வைத்துக் கீற்று வேய்ந்து முடித்திருந்தார். இவர்கள் கூத்தை அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்பா முருகையா, மீன் புடிக்கிறியா?”

“பாட்டு புடிக்கிறோம் மொதலாளி.”

“கலியன் பாட்டா? அந்தாளு பாட ஆரம்பிச்சா பாதிப் பேரு பலகையப் போட்டுட்டு நின்னுடுவானுங்க. நான் கத்துவேன், அவரு ராகத்த முடிச்சிட்டுத்தான் திரும்பிப் பாப்பாரு.” அவர் சிரித்தார். “வீட்டுக்குப் போம்மா. கூனிமேட்டுப் பக்கம் இருட்டிக்கினு வருது. ரெண்டு நாளா வேஞ்ச கீத்து, இப்பதான் முடிஞ்சது.”

அவள் எழுந்து, சேறு ஒட்டிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேடேறினாள். முதல் தூறல் கைபேசித் திரையில் விழுந்தது. அதைச் சுடிதாரில் துடைத்து, பதிவைத் தட்டிவிட்டாள்.

“அண்ணே,” என்றாள் புருஷோத்தமனிடம், “அந்தக் கீத்தக் கொஞ்சம் பிரிச்சு, பத்துக் கூடை உப்ப இந்த மேட்டுலயே பரப்பித் தர்றீங்களா?”