ரெண்டு விசில்

"ஒன்பதரைக்கு அவர் விசில் அடிச்சாரு, டாக்டர்," என்று அவள் மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

சாப்பாட்டு மேஜையில் இருந்த விதைப் பொட்டலங்களை ஓரமாகத் தள்ளிவிட்டுச் இறப்புச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்த டாக்டர் பேனாவை நிறுத்தினார். அடுத்த அறையில் அவள் கணவர் கிடந்தார். வீட்டுக்கு மேலே இருந்த மேட்டிலிருந்து நாலு பேர் தூக்கி வந்திருந்தார்கள். சட்டைக் காலரில் பேரிக்காய் மரத்துப் பூவிதழ் ஒன்று ஒட்டியிருந்தது.

"உடம்பைப் பாத்தா எட்டு மணிக்கு மேல அவர் உயிரோட இருந்திருக்க முடியாதும்மா. பதட்டத்துல நேரத்தை மாத்திச் சொல்றீங்க."

"முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ நான். யாரு எப்ப கூப்பிட்டாங்கன்னு குறிக்கிறதுதான் எனக்கு வேலை."

டாக்டர் மறுபடி குனிந்தார். எட்டு மணி என்று எழுதினார்.

அவள் கணவர் சர்வேயராக இருந்தவர். மலைச்சரிவுகளில் குரல் எட்டாது என்பதால், எதிர்ப்பக்கம் அளவுச் சங்கிலி பிடிக்கும் ஆட்களிடம் விசிலில் பேசியே காலம் தள்ளினார். ரெண்டு விசில் என்றால் இங்கேதான் இருக்கிறேன். மூன்று என்றால் கிளம்பி வா. ஓய்வுபெற்று இந்த மலைவீட்டை வாங்கியதும் விசிலுக்குப் பதில் சொல்லும் அந்த உத்தியோகத்தை மனைவியின் தலையில் கட்டினார். "நான் என்ன குக்கர் முன்னாடியா நிக்கிறேன், விசில் எண்ணிட்டு இருக்க?" என்று ஒரு வாரம் சண்டை போட்டாள். அப்புறம் தட்டில் கரண்டியால் ஒரு தட்டு தட்டிப் பதில் சொல்லப் பழகினாள். உண்மையில் அவளுக்கு அது பிடித்திருந்தது. முப்பத்திரண்டு வருஷம் ஊரார் அழைப்புகளை ஊராருக்கு இணைத்துக் கொடுத்தவளுக்கு, அவளையே தேடி வந்த அழைப்பு அது ஒன்றுதான்.

இங்கே ஆறு வசந்தங்கள் இருந்தார்கள். முதல் நல்ல வெயிலில் குளிர்காலக் கம்பளிகளைத் துவைத்து வேலி முழுக்கக் காயப்போடுவார்கள். மேட்டிலிருந்த பேரிமரத்தடிக்கு நாற்காலிகளைத் தூக்கிப்போய் ரொட்டியும் டீயுமாக உட்கார்ந்தால் மதியம் ஓடிவிடும். மரம் எந்தத் தேதியில் பூக்கும் என்று வருஷா வருஷம் பந்தயம். தோற்றவர் ஒரு மாதத்துக்குக் காலை டீ போட வேண்டும். அவர் தோற்கும் வருஷங்களில் டீ கழுநீர் மாதிரி இருக்கும். முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரை குடிப்பாள்.

அவர் போன அன்று காலை ஏழு மணிக்கு, "பூத்திருச்சான்னு பாத்துட்டு வரேன்," என்று ஏறிப்போனார். அவள் கம்பளிகளை வாஷிங் மெஷினில் திணித்தாள். பழைய மெஷின். அது சுற்றினால் வீடே அதிரும், இடி விழுந்தாலும் கேட்காது. இரண்டு தடவை போட்டு எடுத்து நிறுத்தும்போது ஒன்பதேகால். கம்பளியை உதறிக்கொண்டிருக்கையில் மேட்டிலிருந்து ரெண்டு விசில். உள்ளே போய்த் தட்டில் தட்டிவிட்டு வந்தாள். டீ எடுத்துக்கொண்டு அவள் ஏறிப்போனது பதினோரு மணிக்கு.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் காலை, மகள் அம்மாவின் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நாள் எங்களோட இரும்மா. இங்க தனியா என்ன பண்ணுவ?"

"ஒன்பதரைக்கு அடிச்சாருடி."

மகள் திரும்பிப் பார்த்த பார்வை, புத்தி தடுமாறியவர்களைப் பார்க்கும் பார்வை. அம்மாவுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவர் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எழுபது வயது, வலியில்லாமல் போயிருந்தால் நல்ல சாவுதான். ஆனால் அந்த மெஷின் அதிர்ந்துகொண்டிருந்தபோது அவர் மூன்று விசில் அடித்தாரா? கூப்பிடக் கூப்பிட அவள் கம்பளி துவைத்துக்கொண்டிருந்தாளா? அதை மட்டும் தாங்க முடியாது. மூன்று நாளாக அவள் தூங்கவில்லை.

மேட்டிலிருந்து ரெண்டு விசில் கேட்டது.

மகளின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. "அப்பா..." என்றாள்.

வாசலில் பால் ஊற்றிக்கொண்டிருந்த பால்காரர் நிமிர்ந்தார். "பயப்படாதீங்கம்மா. அது சாரோட குருவி."

"என்ன குருவி?"

"கறுப்பா ஒண்ணு, பேரிமரத்துல இருக்கும். ரெண்டு வருஷமா உக்காந்து சொல்லிக் குடுத்தாரு. இந்த வருஷம்தான் பிடிச்சுக்கிச்சு. மரம் பூக்குற அன்னிக்கு உங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டணுமாம். அதுவரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னாரு."

மகள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். அம்மாவுக்கோ சிரிப்பு வந்தது. "பென்ஷன் வாங்கிட்டுப் பண்ற வேலையைப் பாரு," என்றாள். ஒரு குருவிக்கா அவ்வளவு கர்மசிரத்தையாகத் தட்டில் தட்டினாள்? அப்படியானால் டாக்டர் சொன்னது சரி. போனது போனதுதான், சட்டென்று, கூப்பிட நேரமில்லாமல் போயிருப்பார். மூன்று நாளில் முதல்முறையாக நெஞ்சு லேசானது.

"மூணு விசில்? அதையும் சொல்லிக் குடுத்தாரா?"

"கேட்டேம்மா. அது மட்டும் கிடையாதுன்னுட்டாரு. அவளைக் கூப்பிடுறது என் வேலை, அதைக் குருவிகிட்ட எல்லாம் விட மாட்டேன்னாரு."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பால் பாத்திரத்தை எடுக்கக் குனிந்தாள்.

மறுபடி விசில் வந்தது. ஒன்று. ரெண்டு. சற்று இழுத்துக்கொண்டு மூன்று. முதல் விசிலைவிட ரெண்டாவது தணிவாக இருந்தது. மூன்றாவதில் பாதிக்கு மேல் வெறும் காற்று. கொஞ்சம் பொறுத்து மறுபடி அதேபோல் மூன்று.

பால்காரர் கேனின் மூடியைத் திருகினார். அது மூடித்தான் இருந்தது.

"அதுவும் சார் சொல்லிக் குடுத்ததுதாம்மா," என்றார். "நான்தான் மறந்துட்டேன்."

குரல்களைக் கேட்டே வயிறு வளர்த்தவள் அவள். பால்காரர் பொய் சொல்வது தெரிய அவர் முகத்தைப் பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை. சொல்லிக் கொடுக்காத மூன்று விசிலை அந்தக் குருவி எந்தக் காலையில் கேட்டிருக்கும் என்பதையும் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பாத்திரத்தைப் படியில் வைத்தாள்.

"அம்மா, எங்க கிளம்பிட்ட?" என்றாள் மகள்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.