ஏறுச்சா?

"ஏறுச்சாம்மா?"

கதவுக்கு வெளியே மாமியார். உள்ளே கட்டிலில், நாக்கடியில் தெர்மாமீட்டரோடு மருமகள். வாயைத் திறந்தால் அளவு தப்பிவிடும். திறக்காவிட்டால் திமிர் என்று பெயர். அவள் "ம்ம்" என்றாள்.

"ம்ம்னா ஏறுச்சா, ஏறலையா?"

பதினான்கு மாதமாக விடிந்தால் இந்தப் பாடுதான். படுக்கையை விட்டு எழும் முன்பே சூடு பார்த்துத் தாளில் புள்ளி வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. கருமுட்டை வெளிவந்த பிறகுதான் சூடு இம்மியளவு ஏறும், அதற்கு முந்தைய நாலைந்து நாள்தான் முக்கியம் என்றும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாமியாரின் சட்டமோ வேறு. சூடு ஏறும்வரை மகன் கூடத்தில்தான் படுக்க வேண்டும். "வீணாக்கக் கூடாது பாரு!" பஸ் போன பிறகு நிறுத்தத்துக்கு ஆள் அனுப்புகிற கூத்து! எடுத்துச் சொன்னால், "நாலு பெத்தவளுக்கு நீ பாடம் நடத்துறியா?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

தாளில் கோடு ஏறியிருந்தது. இந்த மாதமும் போச்சு. அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முட்டிக்கொண்டு வந்தது.

"ஏறிடுச்சு அத்தை."

"அப்படிச் சொல்லு! டேய், இன்னைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திட்டு வா. இந்த மாசமும் தங்கலேன்னா வேற பொண்ணு பாக்க வேண்டியதுதான், சொல்லிட்டேன்."

மகன் டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

மருமகள் அலமாரிக்குப் போனாள். அவளுக்கு எழுதிய மூன்று சோதனையும் போன வருடமே முடிந்து, குறையில்லை என்று வந்தாயிற்று. அவனுக்கு எழுதிய ஒரே சீட்டு மட்டும் சட்டைகளுக்கு அடியில் கிடந்தது. அதைக் கொண்டுவந்து டம்ளர் பக்கத்தில் வைத்தாள். மருந்துக் கிடங்கில் மணிக்கொரு தரம் குளிரறையின் சூட்டைக் குறிப்பதுதான் அவள் வேலை.

"எங்க கிடங்குல குளிரறை சூடாச்சுன்னா மெஷினையும் பாப்போம், கதவையும் பாப்போம். ஒண்ணை மட்டும் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டா வேலை போயிடும். இங்க என்னை மட்டும்தானே பாக்குறீங்க?"

"ஐயையோ! ஆம்பளையப் போயிச் சோதிக்கிறதா? வெளியே தெரிஞ்சா மானம் என்னாகுறது?"

"என் வாய்ச்சூடு மாடிவீட்டு அக்கா வரைக்கும் தெரியும் அத்தை. அதுல போகாத மானமா?"

"சாயங்காலம் பேசிக்கலாம்," என்று அவன் நழுவினான். சாயங்காலம் வந்தது, பேச்சு வரவில்லை.

மறுநாள் காலை மாமியார் கதவைத் தட்டும் முன்பே அது திறந்தது. வேலைக்குக் கிளம்பி நின்றாள் மருமகள்.

"ஏறுச்சா?"

"எடுக்கலை அத்தை. உங்க புள்ளை சோதனைக்குப் போயிட்டு வரட்டும், அப்புறம் எடுக்கிறேன்."

சீட்டு நேற்று வைத்த இடத்திலேயே டீக்கறையோடு கிடந்தது. அதைத் துடைத்து மாமியார் கையில் கொடுத்தாள்.

"வேற பொண்ணு பாக்கப் போறப்போ மறக்காம இதையும் எடுத்துட்டுப் போங்க. முதல்ல இதைக் கேக்கச் சொல்லி அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்லிடுறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.