ஒரே எண்ணில் இரண்டு பேர்

ஒரு எண்ணுக்கு ஒரு ஆள்தான். இந்த ஒரு விஷயத்தைக் கணினிக்குப் புரியவைக்க அவன் இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கே மருந்து அனுப்பும் நிறுவனம் அது. வாடிக்கையாளர் பட்டியலைப் பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். புதியதில் ஒரே கைபேசி எண் இரண்டு முறை வரக்கூடாது. பழையதிலோ நானூற்றுச் சொச்சம் எண்கள் இரட்டையாக இருந்தன. மாற்றும் நிரலை எப்போது ஓட்டினாலும் பாதியில் முறைத்துக்கொண்டு நின்றது.

மூன்றாம் நாள் காலையில் பொறுமை போய்விட்டது. எண் ஒன்றானால் ஆளும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு, இரண்டு பதிவுகளையும் ஒன்றாக்கி, கடைசியாகத் திருத்திய முகவரியை மட்டும் வைத்துக்கொள்ளும்படி நாலு வரி எழுதினான். சடசடவென்று ஓடி முடிந்தது. மேலாளர் தோளில் தட்டிக்கொடுத்தார். கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு தலைக்கேறியது. ஒரு வீடே ஒரு கைபேசியை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் என்பது, அப்படி ஒரு வீட்டில் அக்காவைக் கட்டிக்கொடுத்த இந்த மடையனுக்குத் தோன்றவேயில்லை.

பதினொரு மணிக்குப் புகார் மேசையில் இருப்பவள் ஓடிவந்தாள்.

"ஏம்பா, ஒருத்தர் மருந்து இன்னொருத்தர் வீட்டுக்குப் போகுதாம். இதுவரைக்கும் ஆறு பேரு கூப்பிட்டுக் கத்திட்டாங்க. இந்த ஆளு மட்டும் கத்தல. என் கணக்குல புதுசா ஒரு விலாசம் இருக்கே, அது யாரு வீடுன்னு கேட்டான். அப்புறம் அவனே சிரிச்சுட்டு வச்சுட்டான்."

அவள் நீட்டிய தாளில் அத்தானின் எண் இருந்தது.

அக்காவின் மூச்சிரைப்பு மருந்துக்கும் அத்தானின் ரத்த அழுத்த மாத்திரைக்கும் அந்த ஒரே எண்தான். ஆறு மாதத்துக்கு முன் விலா எலும்பு இரண்டு உடைந்து அவள் வீட்டைவிட்டு ஓடிவந்தபோது, எண்ணை மாற்ற முடியவில்லை. மாற்றினால் உறுதிசெய்யச் சொல்லிப் பழைய எண்ணுக்கு ஒரு ரகசியக் குறியீடு போகும், அந்தக் கைபேசி அத்தானின் கையில் இருந்தது. அதனால் அவள் பெயரில் இருந்த முகவரியை மட்டும் மாற்றி, செய்தி எதுவும் அனுப்பவேண்டாம் என்று குறித்துவைத்தவன் இந்தத் தம்பிதான். பெயர் வேறு என்பதால் ஒருவர் முகவரி மற்றவர் கண்ணில் படாது. இன்று காலைவரை படவில்லை.

"அவன் கூப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு?"

"முக்கால் மணி இருக்கும்."

அக்கா ஓடிவந்த பிறகு வாங்கிய புதுக் கைபேசிக்குக் கூப்பிட்டான், அவள் எடுக்கவில்லை. அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் படியில் இறங்கினான். வண்டியை எப்படி ஓட்டினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

மூன்றாம் மாடியில் அக்கா ஒளிந்திருந்த வீட்டின் கதவு பிளந்து ஒரு கீலில் தொங்கியது. உள்ளே அத்தான் கையில் சுத்தியல். அக்கா சமையல் மேடைக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கிக் கிடந்தாள். இடதுகை இருக்கக்கூடாத கோணத்தில் மடங்கியிருந்தது.

"எங்கிட்டயே ஒளியிறியாடி?"

தம்பி பின்னாலிருந்து பாய்ந்தான். சண்டை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. விசைப்பலகை தட்டிப் பழகிய கை அது. அத்தானின் முதல் குத்திலேயே அவன் மூக்கு நொறுங்கியது. விழுந்தவன் அத்தானின் கெண்டைக்காலை உடும்பாகப் பற்றிக் கடித்தான். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அருவருப்பாக இல்லை, இன்னும் ஆழமாகக் கடிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. சுத்தியல் அவன் தோளில் இறங்கியது. இரண்டாவது முறை ஓங்கியபோது அக்கா எழுந்துவிட்டாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரைப் பாத்திரத்தோடு வலதுகையால் தூக்கி அத்தானின் முகத்தில் வீசினாள். அலறல் தெருவுக்கே கேட்டது. பாத்திரம் கையைவிட்டுப் போகும்வரை அதனாலேயே தலையில் அடித்தாள். பிறகு அவன் அசையவில்லை. மூச்சு மட்டும் கரகரத்தது.

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"அம்மாதான் விலாசத்தைச் சொல்லியிருக்கா" என்றாள் அக்கா. உதடு கிழிந்து பேச்சு குழறியது. "மாப்பிள்ளைன்னா அவளுக்கு உருகிடும். இனிமே செத்தாலும் அவ மூஞ்சில முழிக்கமாட்டேன்."

வாயை மூடிக்கொண்டால் போதும். அம்மா எவ்வளவோ பழியைச் சுமந்தவள், இதையும் சுமப்பாள். அப்படி நினைத்ததற்கே அவனுக்குத் தன்மேல் காறித் துப்பவேண்டும்போல் இருந்தது.

"அம்மா இல்லக்கா. நான்தான். ஆபீஸ் பட்டியல்ல ஒரே நம்பர்ல இருந்தவங்களை எல்லாம் ஒண்ணாக்கிட்டேன், உன் விலாசம் அவன் கணக்குல போயிடுச்சு."

சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய நல்ல கை அவன் கன்னத்தில் இறங்கியது. உடைந்த மூக்கோடு சேர்ந்து கண் இருண்டது. அவன் தடுக்கவில்லை. அவள் மறுபடி ஓங்கி, பாதியில் நிறுத்தினாள்.

"என்னை மாதிரி இன்னும் எத்தனை பேருடா அதுல இருக்காங்க?"

எதையும் பழையபடி மாற்றாமல் அப்படியே எழுந்து ஓடிவந்திருந்தான். அலுவலகத்தைக் கூப்பிட்டான். புகார் மேசைக்காரிதான் எடுத்தாள்.

"எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லு. இப்பவே."

"நீ எங்கப்பா போன?" அவள் குரல் உடைந்திருந்தது. "போலீஸ்லேர்ந்து கூப்பிட்டாங்க. ஒரு பொண்ணு வீட்டு விலாசம் நம்மகிட்டேர்ந்து எப்படி வெளிய போச்சுன்னு கேக்கறாங்க. அந்தப் பொண்ணு இப்ப உயிரோட இல்லையாம்."

"எந்த விலாசம்?"

அவள் படித்தாள். அக்காவின் வீடு அல்ல, ஊரின் மறுகோடியில் இருக்கும் வேறொரு தெரு அது.