நீல இட்லி

லிங்கராஜபுரத்தில், ஆதிகேசவனின் மாவு அரைக்கும் கூடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் அவருடைய மகள் நிருபமா கடலலையில் சறுக்கும் பலகை ஒன்றைத் தன் கையாலேயே செய்துகொண்டிருந்தாள். ஐ.டி. வேலை போக மிஞ்சிய சனி, ஞாயிறுகளெல்லாம் அதற்கே போயின. நுரைக்கட்டையை இழைத்து, கண்ணாடியிழைத் துணி போர்த்தி, வெளிர்நீலம் கலந்த ரெசின் பசையைப் பூசி முடித்த அன்று, விடிகாலை வானத்தில் ஒரு துண்டு இறங்கிவந்து கொட்டகைக்குள் படுத்திருப்பதுபோல இருந்தது.

ஆதிகேசவன் எட்டிப் பார்த்ததோடு சரி. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதனால்தான், தான் கலந்துகொள்ளப்போகும் கோவளம் அலைச்சறுக்குப் போட்டிக்கு வருகிறவர்களெல்லாம் பலகையில் கம்பெனி லோகோ ஒட்டிக்கொண்டு வருவார்கள் என்று அவள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னதும், அவர் கேட்டது அவளைத் திகைக்க வைத்தது.

"ஏன், நம்மது கம்பெனி இல்லையா?"

"அப்பா, அது சர்ஃபிங் போட்டி..."

"இருக்கட்டுமே. சின்னதா போட்டுடாத. நம்ம டெம்போல இருக்கற அளவாவது வேணும்."

டெம்போவின் பக்கவாட்டில் 'வெண்பஞ்சு இட்லி மாவு' என்று கன்னடத்திலும் தமிழிலும் கொட்டை எழுத்துகள். அவற்றுக்கு மேலே ஆவி பறக்கும் குண்டு இட்லி ஒன்று. தன் பலகையின் நீலத்தின் மேல் ஒரு புள்ளிகூட வைக்க நிருபமாவுக்கு மனமில்லை. ஆனால் அப்பாவின் குரலில் அதுவரை கேட்டிராத ஒரு கூச்சம் இருந்தது. அவளால் மறுக்க முடியவில்லை.

பிரேசர் டவுனில் ஓர் அச்சகத்தில், ஊதினால் பறந்துவிடும் மெல்லிய தாளில் லோகோவை அச்சடித்து வாங்கி வந்தாள். ஞாயிறு மத்தியானம் இருவரும் தாளின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த கூடத்தில் கிரைண்டர்கள் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தன.

"ஸ்வல்ப, கொஞ்சம் என் பக்கம்," என்றார் ஆதிகேசவன், மூச்சைப் பிடித்துக்கொண்டு. "ஆங்... இப்ப விடு."

ரெசின் தடவிய ஈரப் பலகையில் தாள் மெல்லப் படிந்தது. அவள் மேலே தெளிந்த ரெசினை ஊற்றி, தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினாள். தள்ளத் தள்ள, தாள் என்று ஒன்று இருந்ததே தெரியாமல் கரைந்தது. எழுத்துகள் மட்டும் தெளிந்த நீருக்கடியில் கிடப்பவைபோல மிதந்தன.

"நிரு," என்றார் அவர். "இட்லி எங்க?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அச்சில் வெள்ளை மை கிடையாது. இதுவரை இட்லி வெள்ளையாகத் தெரிந்தது தாளின் வெள்ளையால். தாள் மறைந்ததும் அதுவும் மறைந்துவிட்டது. வட்டமான ஒரு கோடும், மூன்று இழை ஆவியும், உள்ளே முழுக்க வெளிர்நீலமும்தான் மிச்சம்.

"ஐயோ அப்பா! இதை யோசிக்கவே இல்ல. இப்பவே உரிச்சா வந்துடும். எடுத்துடவா?"

அவர் முழங்காலில் கையூன்றிக் குனிந்து பார்த்தார். தகரத்தின் ஓட்டை வழியே விழுந்த வெயில் அந்த வட்டத்துக்குள் தளும்பியது. பகலில் தெரியும் நிலாவை ஏறிட்டுப் பார்ப்பவர்போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும்."

"நீல இட்லிய பார்த்துட்டு யாருப்பா மாவு வாங்குவாங்க?"

"தண்ணிக்குள்ள யாரு மாவு வாங்க வரா?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

ரெசின் நன்றாக இறுகிக் காய்ந்த பிறகு ஒரு சாயங்காலம். நிருபமா ஆபீசிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். கொட்டகைக் கதவு ஒருக்களித்திருந்தது. பலகை தரையில், பழைய மெத்தையின் மேல் கிடந்தது. அதில் ஆதிகேசவன் குப்புறப் படுத்திருந்தார். சட்டையைக் கழற்றி மடித்து ஓரமாக வைத்திருந்தார். கன்னம் எழுத்துகளின் மேல் பதிந்திருக்க, இரண்டு கைகளும் இரு பக்கமும் நீரைத் தள்ளுவதுபோல் காற்றை மெதுவாக அளைந்துகொண்டிருந்தன. கண்கள் மூடியிருந்தன.

கூப்பிடலாமா, அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று அவள் நின்றாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எங்கப்பா போயிட்டிருக்கீங்க?"

அவர் திடுக்கிடவில்லை. கண்ணையும் திறக்கவில்லை.

"தெரியலமா. நல்லா இருக்கு. ஸ்வல்ப நேரம் பேசாம இரு."

அவள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, மெத்தையின் விளிம்பில் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள். அவர் கைகள் துழாவிக்கொண்டே இருந்தன.