கோட்டைப்பட்டினத்தில் கடல் இல்லை

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் என் மனைவி அடைக்கலமேரியும் கோட்டைப்பட்டினத்துக் கடற்கரை பங்களா முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, கடல் அங்கே இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு. நாலைந்து வள்ளங்கள் சாய்ந்து கிடந்தன. புதுக்கோட்டையிலிருந்து காற்று வாங்க வந்திருந்த குடும்பங்கள் மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் வராந்தாவில் இட்லி தின்றுகொண்டிருந்தன.

வசமாக மாட்டிக்கொண்டேன். ஆவூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருஷமாகப் பூகோளம் நடத்துகிறவன் நான். கல்யாணமான புதிதில், இதே ஊர்க் கடலில் மூன்று முறை குளித்திருக்கிறேன் என்று, கடலையே பார்த்திராத அவளிடம் அளந்துவிட்டேன். உண்மையில் கண்மாயைத் தாண்டி எதிலும் குளித்ததில்லை. மாதம் ஒருமுறையாவது அந்தக் கதையைக் கேட்பாள். நானும் ஒவ்வொரு முறையும் அலையை ஒரு முழம் உயர்த்திவிடுவேன். நாலு வருஷத்தில் அது பனைமரத்தைத் தொட்டிருந்தது. இன்றைக்குக் குட்டு உடைந்தால் அப்புறம் நான் சொல்கிற எதை நம்புவாள்? கடல் வற்றுவதும் ஏறுவதும் ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது, நானே நடத்தியிருக்கிறேன். அந்த நேரத்தில் ஒரு வரி ஞாபகம் வரவேண்டுமே!

அவளோ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் வற்றினால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். கோடையில் கண்மாய் வற்றி அழிந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் இறங்கி மீன் பிடிக்கலாம், கேட்பாரில்லை. சோற்றுப் பொட்டலங்களை என் கையில் கொடுத்தாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், காலிக் கூடையோடு கடலுக்குள் இறங்கிவிட்டாள். வராந்தாவே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. ஆனாலும் அவள் சேற்றைத் துழாவித் துழாவி நண்டு பிடிப்பதைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது.

அதற்குள் என் ஊர், உத்தியோகம் எல்லாவற்றையும் விசாரித்து முடித்திருந்த பங்களா வாட்ச்மேன் ஷேக் பரீது பக்கத்தில் வந்து நின்றார்.

“அவுகளக் கூப்புடுங்க வாத்தியாரே. தண்ணி ஏறுது. ஆழமெல்லாம் வராது, சேலதான் நனைஞ்சிரும்.”

அப்போதுதான் பார்த்தேன். அலையுமில்லை, இரைச்சலுமில்லை. தூரத்துச் சேறு பளபளத்தது, பிறகு அந்தப் பளபளப்பு எங்களை நோக்கி நகர்ந்தது. கசிந்து கசிந்து வந்த தண்ணீர் அவள் கணுக்காலை மூடிக் கெண்டைக்காலுக்கு ஏறியது. அவள் நிமிர்ந்தாள். நாலா பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பனைமர ஒசரம் அலை வரும்னீங்களே?”

இன்றைக்குக் காற்று இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“நானும் இப்பத்தான் பாக்குறேன், மேரி.”

குனிந்து தன் கெண்டைக்காலளவுத் தண்ணீரை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. கூடை கைநழுவியதுகூடத் தெரியாமல் சிரித்தாள்.

“அப்பறம் என்ன, கரையில நின்னுக்கிட்டு? இங்கிட்டு வாங்க.”

பொட்டலங்களை ஷேக் பரீதின் கையில் திணித்துவிட்டு வேட்டியோடு இறங்கினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் இரு கையாலும் அள்ளி ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்து, மிச்சத்தை என் வாயருகே நீட்டினாள். குடித்தேன். பாடத்தில் போட்டிருந்ததைவிட அதிகமாகவே கரித்தது. அவள் மறுபடியும் குனிந்து அள்ளினாள்.