எரியாத சொட்டு

கையுறைப் பெட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு நிற்கிறவளுக்கு மூக்கு அரித்தால் தொலைந்தாள். காற்றும் ஈரமும் புகாத கண்ணாடிப் பெட்டி அது. அதற்குள்தான் சோடியம் பேட்டரிகளுக்கு எலக்ட்ரோலைட் என்கிற மின்திரவத்தைச் சொட்டுவிடுவது என் பிழைப்பு.

"மலிவா இருக்கணும், தீப்பிடிக்கக் கூடாது, ரொம்ப நாள் உழைக்கணும்" என்பார் எங்கள் ஆய்வகத் தலைவர். மூன்றும் வேண்டுமாம். ஆசை யாரை விட்டது!

எனக்கு நடுவிலுள்ளது போதும். தம்பியின் தள்ளுவண்டி விளக்குக்கு, இங்கே கழித்துப்போட்ட செல்களைக் கோத்து ஒரு பேட்டரி செய்து கொடுத்தவள் நான்தான். "எங்கக்கா செஞ்சது, கண்ண மூடிட்டு நம்பலாம்" என்று எல்லோரிடமும் தம்பட்டம் அடித்தான். எட்டாம் மாதம் அது பற்றிக்கொண்டது. அவனுடைய வலது கை வெந்துபோனது. இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. எரியாத திரவத்தோடுதான் அவன் முகத்தில் விழிப்பது என்று முடிவு செய்திருந்தேன். வீட்டில் இதைச் சொல்லவும் ஆளில்லை, சுவரைத் தவிர.

இன்று காலை புதுக் கலவையில் ஒரு திரியை நனைத்துத் தீ வைத்தேன். பற்றவில்லை. மூன்று முறை வைத்தும் பற்றவில்லை. அதைக் கொண்டு முதல் செல்லைக் கோக்க நின்றேன்.

சொட்டு விழுந்த நேரம் பார்த்து, வெளியே மேசைமேல் போன் அடித்தது. திரையில் 'தம்பி'.

சொட்டு விட்டால் உடனே மூடி அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் உலர்ந்துவிடும். உலர்ந்தால் என்ன, இன்னொரு செல் செய்துகொள்ளலாம். ஆனால் பழகின கை மூடியை எடுத்துவைத்து அழுத்தி முடித்துத்தான் வெளியே வந்தது. அதற்குள் மணி நின்றுவிட்டது.

நாலு முறை திருப்பிக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பிறகு ஒரு குரல் செய்தி வந்தது.

"அக்கா, நான் கூப்பிடல. பையிலேருந்து போனை எடுக்கறப்ப பட்டிருக்கும். இந்த விரல்ல எது பட்டாலும் எனக்குத் தெரியறதில்ல."

செல்லைச் சோதனைக் கருவியில் மாட்டினேன். மின்னேற்றம் ஒழுங்காக ஏறியது.

"ஜெயிச்சுட்டோம் போலிருக்கே!" என்றார் தலைவர். தலையாட்டினேன்.

அவர் போனதும் செய்தியை மறுபடி போட்டு, 'அக்கா' என்ற முதல் சொல்லோடு நிறுத்தினேன். திரும்பவும் போட்டேன்.