கதவுக்கு அந்தப் பக்கம் டீச்சர்

பள்ளிக்கூடத்தின் நீலக் கதவுக்கு முன்னால் வந்ததும் எவாந்தியா நின்றாள். மகளின் பின்னலைச் சரிசெய்துவிட்டு, தினமும் கேட்பதையே இன்றும் கேட்டாள்.

"இங்கேருந்து நான் யாரு?"

"டீச்சர்," என்றாள் மிர்சினி.

"உள்ள வந்து அம்மா கிம்மான்னு ஆரம்பிச்சா?"

"ஆரம்பிக்க மாட்டேன் டீச்சர்."

அந்தச் சின்னத் தீவில் ஒரே பள்ளி, ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியை. தன் வயிற்றில் பிறந்ததற்கும் எவாந்தியாவேதான் பாடம் எடுத்தாக வேண்டும். கணவனுக்குக் கப்பலில் வேலை, எப்போதாவதுதான் கரைக்கு வருவான். ஊர் வாய்க்குப் பதில் சொல்வது அவள் ஒருத்தியின் பாடாகிவிட்டது. துறைமுகத்தில் காப்பிக்கடை வைத்திருக்கும் பாண்டெலிஸ், மிர்சினி முதல் வகுப்பில் சேர்ந்த அன்றே சிரித்துக்கொண்டு சொன்னான்: "இனிமே உங்க வீட்டுல சாப்பாட்டோட சேர்ந்து மார்க்கும் வேகும். எங்க பசங்களுக்கும் ஒரு கரண்டி போடுங்க டீச்சர்." கடையே சிரித்தது. கதவைத் தாண்டினால் டீச்சர் என்கிற சட்டம் அன்றைக்குப் பிறந்ததுதான்.

அவனுக்கு அது போகிறபோக்கில் சொன்ன பேச்சு. இவளுக்கோ நெஞ்சில் தைத்த முள். மற்றப் பிள்ளைகளின் ஏட்டைத் திருத்தும்போது கொஞ்சம் இரங்குகிற சிவப்புப் பேனா, மகளின் ஏட்டுக்கு வந்தால் மட்டும் இரங்காது.

மிர்சினி பேச்சில் கெட்டிக்காரி. அப்பாவின் கப்பலைப் பற்றி அவள் கதை சொன்னால் வலை பின்னுகிறவர்கள்கூடக் கையை நிறுத்திக் கேட்பார்கள். எழுத்துதான் அவளுக்குப் பிடிபடவில்லை. கிரேக்கத்தில் 'ஈ' என்கிற ஓசை ஒன்றுதான், அதை எழுதும் வழியோ ஐந்தாறு. எந்தச் சொல்லுக்கு எது என்று கண் பழகிக்கொள்ள வேண்டும். ஒன்பது வயதாகியும் அவள் கண் பழகவில்லை. ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக எழுதி வைப்பாள்.

அன்றும் அப்படித்தான் எழுதியிருந்தாள். எவாந்தியா ஏட்டை உயர்த்தி வகுப்புக்கே காட்டினாள்.

"பாருங்க. மேல ஒரு மாதிரி, கீழ ஒரு மாதிரி. இதுக்குப் பேர் என்ன?"

"சோம்பேறித்தனம்," என்றான் பாண்டெலிஸின் மகன் மனோலிஸ். எல்லோரும் சிரித்தார்கள். மிர்சினி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தப்பான ஒவ்வொரு சொல்லையும் வீட்டில் ஒரு பக்கம் எழுத வேண்டும். அடுப்பில் பருப்புச் சூப் கொதிக்க, சமையல் மேசையில் அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டே இருக்கும். எழுதி முடித்தால்தான் தட்டு வைக்கப்படும். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கவேண்டிய டீச்சர் எப்போதோ வீட்டுக்குள்ளும் வந்துவிட்டதை எவாந்தியா கவனிக்கவில்லை. கதைகள் நின்றுபோனதையும் அவள் கவனிக்கவில்லை. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தாள்.

அவ்வப்போது கப்பலேறி வந்து, படிக்கத் திணறும் பிள்ளைகளோடு உட்கார்கிற தெக்லா என்கிற ஆசிரியை அந்த வாரம் வந்தாள். மிர்சினியை ஜன்னலோரம் உட்காரவைத்து, மாவை உருட்டி எழுத்துகள் செய்யச் சொன்னாள். ஒரே மாதிரி முடிகிற சொற்களின் வாலுக்கு மட்டும் ஒரே வர்ணம் பூசச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மிர்சினியின் குரல் கேட்டது: "இதெல்லாம் ஒரே குடும்பம்! வால் ஒண்ணா இருக்கு." அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எவாந்தியா யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

பிள்ளைகள் போனபின் தெக்லா, மிர்சினி வீட்டில் எழுதிய ஏட்டைத் திறந்துவைத்தாள்.

"முதல் வரியில பாத்து எழுதும்போதே தப்பு. அதைப் பாத்துப் பக்கம் முழுக்க எழுதியிருக்கா. தப்பையே மனப்பாடம் பண்ண வெச்சிருக்கீங்க."

"கவனம் இல்ல, வேறென்ன?"

"மத்தப் பசங்களைவிட இவ கவனம் ஜாஸ்தி. எழுத்தோட சேர்மானம் மனசுல தங்கல, அவ்வளவுதான். ரோட்ஸ் தீவுல இதைச் சோதிச்சுப் பாக்கறதுக்குன்னே ஒரு மையம் இருக்கு, கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. எழுதித் தந்தாங்கன்னா பரீட்சையை வாயால கேக்கலாம், நானும் அடிக்கடி வரலாம்."

எவாந்தியாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "டீச்சர் பொண்ணுக்கே மூளை சரியில்லன்னு பாண்டெலிஸ் கடையில காப்பியோட சேர்த்துக் குடிப்பாங்க."

"குடிக்கட்டுமே. ரெண்டு நாள்ல ஆறிடும். பிள்ளை மனசு அப்படி ஆறாது."

"என் பொண்ணை எனக்குத் தெரியும். நானே பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். ஒரு பக்கம் இரண்டு பக்கமாயிற்று. மாவும் வர்ணமும் அலமாரிக்குப் போயின. மிர்சினி எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.

தென்காற்று வந்து கப்பல்கள் நின்றுபோன வாரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. ஊர் வைத்தியர் மருந்து கொடுத்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் காய்ச்சல் ஏறியது. எவாந்தியா ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்தாள். போர்வைமேல் மகளின் விரல் அசைவதைப் பார்த்தாள். முதலில் நடுக்கம் என்று நினைத்தாள். உற்றுப் பார்த்தபோதுதான் புரிந்தது, பிள்ளை எழுதிக்கொண்டிருந்தது.

"போதும்டா கண்ணு, போதும்," என்று அந்தக் கையைப் பிடித்தாள்.

மிர்சினி கண்ணைத் திறந்தாள். "டீச்சர், இன்னும் கொஞ்சம்தான். முடிச்சுடறேன். அப்புறம் அம்மாவை வரச் சொல்றீங்களா?"

"அம்மா இங்கதான் இருக்கேன் பாரு."

பிள்ளை அவளை நன்றாகப் பார்த்தது. அடையாளம் தெரியாமல் பார்க்கவில்லை. தெரிந்தேதான் பார்த்தது.

"இல்ல டீச்சர். அம்மா முன்னாடியெல்லாம் இருந்தா, இப்ப இல்ல," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

எவாந்தியா வாய்விட்டு அழுதாள். ஊர் வாய்க்குப் பூட்டுப் போட நினைத்து, பெற்ற பிள்ளையை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டோமே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

காய்ச்சல் இறங்கியது, காற்றும் இறங்கியது. முதல் கப்பலுக்கு எவாந்தியா விடுப்பு எடுத்துக்கொண்டு மகளுடன் துறைமுகத்துக்கு வந்தாள். கடை வாசலில் கோப்பை துடைத்துக்கொண்டிருந்த பாண்டெலிஸ் குரல் கொடுத்தான்.

"என்ன டீச்சர், பள்ளிக்கூட நாள்ல பிரயாணம்?"

உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பினார்கள். எவாந்தியா நின்றாள்.

"என் பொண்ணுக்கு எழுத்துப் பிடிபடல பாண்டெலிஸ். ரோட்ஸ்ல காட்டப் போறேன். இவ சோம்பேறி இல்ல. சோம்பேறின்னு வகுப்புல நான் எல்லாரையும் சிரிக்க வெச்சது தப்பு. உங்க பேச்சுக்குப் பயந்து என் பிள்ளையை நான் நொறுக்கிட்டேன். இதையும் காப்பியோட சேர்த்துக் குடிங்க."

பாண்டெலிஸ் வழக்கமான நையாண்டிக்கு வாயைத் திறந்தவன், துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தான்.

கப்பலில் மிர்சினி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். தீவு மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அங்க அவங்க முன்னாடி நான் உங்களை என்னன்னு கூப்பிடணும்?"

"அம்மான்னு. அங்கயும், வீட்டுலயும், பள்ளிக்கூடத்துலயும் அம்மான்னுதான்."

பிள்ளை யோசித்தது. "தப்பா எழுதினாலுமா?"

"தப்பா எழுதினாலும்தான். எழுத்து வராத பிள்ளை ஒரு குத்தமும் செய்யல. அதுக்கு உதவி பண்ணாம, ஊர் என்ன சொல்லுமோன்னு பயந்து தண்டிக்கிற பெத்தவதான் குத்தவாளி. என்னைத்தான் சொல்றேன்."

மிர்சினி தலையாட்டினாள்.

"சரி," என்றாள். அதற்குப் பின்னால் டீச்சர் என்றும் சேர்க்கவில்லை, அம்மா என்றும் சேர்க்கவில்லை.